ஆசிட்டோடு அம்மோனியம் உரம்... சேர்த்து விடலாமா?

போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாக இருக்கும் தோட்டங்களில், சொட்டுநீர்க் குழாயின் துளைகளை வெள்ளை உப்பு அடைத்துக்கொள்ளும். அதைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுவது வழக்கம். 'அதோடு அம்மோனியம் சல்பேட்டையும் கரைத்து விட்டால் ஒரு வேலை மிச்சம். ஆனால், ஆசிட் பட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடுமோ?' என்பது பல விவசாயிகளுக்கு இருக்கும் சந்தேகம்.

ஆவியாகாது. அம்மோனியா வாயுவைக் கந்தக அமிலத்தில் பிடித்து, உப்பாக மாற்றியதுதான் அம்மோனியம் சல்பேட். அமிலம் இருக்கும் வரை அம்மோனியா வெளியே கிளம்பாது. அதைக் கிளப்பிவிடுவது சுண்ணாம்பும் சாம்பலும்தான். டி.ஏ.பி. குருணையோடு சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி வருவது இதனால்தான். எனவே, அம்மோனியம் உரங்களைச் சுண்ணாம்போடும் சாம்பலோடும் கலந்து வைக்கக் கூடாது.

அப்படியானால் ஆசிட்டோடு சேர்த்து விடலாமா? வேண்டாம். அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

ஆசிட் விட்டபின் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் குழாயிலேயே தேங்க விட்டு, கடைசி மூடியைத் திறந்து அலசி வெளியேற்ற வேண்டும். உரமும் கலந்திருந்தால், காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து வரப்போரத்தில்தான் ஓடும்.

அடுத்து, ஆசிட்டில் கரைந்த சுண்ணாம்புச் சத்து, உரத்தில் உள்ள சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிய வாய்ப்புண்டு. ஜிப்சம் அடைத்தால் மறுபடி ஆசிட் விட்டாலும் எளிதில் கரையாது. டி.ஏ.பி. கலந்தாலோ, அது ஆசிட்டின் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். அடைப்பைக் கரைக்கும் வலு குறையும்.

கடைசிச் சொட்டு வரும் இடத்தில் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்து, 4 காட்டினால் ஆசிட் போதுமானது. குழாயை அலசி முடித்து, அடுத்த பாசனத்தில் உரம் விடலாம்.

உயிருக்கே ஆபத்தான தவறுகளும் இதில் உண்டு. எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாசி போக்க வாங்கிய பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடு சேர்த்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். அம்மோனியம் உரத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். மூன்றையும் தனித்தனி இடத்தில் வைப்பதும், கையுறை, கண்ணாடி அணிந்து வேலை செய்வதும் அவசியம்.