போம் ஜேசு ஆலயம் இழந்த வெண்மை

பழைய கோவாவில் ஒரே சாலையின் இருபுறமும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய கத்தோலிக்க ஆலயங்களுள் சே பேராலயம் வெள்ளை வெளேரென்றும், போம் ஜேசு ஆலயம் செங்காவி நிறத்திலும் தோன்றுவதால், இரண்டும் வெவ்வேறு கல்லால் எழுப்பப்பட்டவை என்று காண்போர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இரண்டின் சுவர்களும் கொங்கணக் கரையில் ஏராளமாகக் கிடைக்கும் செம்புறாங்கல்லால் ஆனவை. இரும்பு மிகுந்து நுண்துளைகள் நிறைந்த இந்தக் கல், நிலத்திலிருந்து வெட்டும்போது கருவிக்கு எளிதில் இணங்கி, காற்றுப் பட்டபின் இறுகும் தன்மையுடையது; ஆனால் எவ்வளவு இறுகினாலும் நீரை உறிஞ்சும் இயல்பு அதை விட்டு நீங்குவதில்லை. அதனால்தான் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்த நாட்டில், சுவர் எழுப்பியதும் அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசுவதைக் கொத்தர்கள் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்தனர். போம் ஜேசுவும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் அவ்வாறு வெண்காரை போர்த்தியே நின்றது. இன்று படங்களில் புகழ்பெற்றிருக்கும் சிவந்த முகப்பு 1950களில்தான் வெளிப்பட்டது.

‘போம் ஜேசு’ என்னும் போர்ச்சுகீசியத் தொடர் ‘நல்ல இயேசு’ எனப் பொருள்படும். லொயோலா இஞ்ஞாசியார் நிறுவி, 1540இல் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்ற இயேசு சபைத் துறவியர், கொச்சியில் தளபதியாக இருந்த ஜெரோனிமோ மஸ்கரேனியஸ் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1594 நவம்பர் 24 அன்று இதற்கு அடிக்கல் நாட்டினர். 1605 மே 15 அன்று பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் இதை அர்ச்சித்தார்.

முகப்பே இந்த ஆலயத்தின் தலைசிறந்த பகுதி. அடித்தளத்தில் மூன்று வாயில்கள், அவற்றின் நேர்மேலே மூன்று நீள்சதுரச் சாளரங்கள், அதற்கும் மேலே மூன்று வட்டச் சாளரங்கள் என அடுக்கடுக்காக ஏறி, உச்சியில் இருபுறமும் சுருள் வளைவுகள் தாங்கும் ஒற்றைப் பலகமாக அது ஒடுங்குகிறது. அந்தப் பலகத்தில், இயேசு என்னும் பெயரின் கிரேக்க வடிவத்திலுள்ள முதல் மூன்று எழுத்துகளிலிருந்து பிறந்ததும் இயேசு சபையின் முத்திரையாக அமைந்ததுமான ‘ஐ.எச்.எஸ்.’ என்னும் குறி செதுக்கப்பட்டுள்ளது. தூண்கள், வாயில் நிலைகள், செதுக்கு வேலைகள் ஆகியவற்றுக்குச் செம்புறாங்கல் உதவாது என்பதால், வசாய் பகுதியிலிருந்து கரிய பசால்ட் கல் கொண்டுவரப்பட்டது. வெண்காரைப் பரப்பின்மேல் கருங்கோடுகளாக இத்தூண்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பதே வடிவமைத்தோரின் கணக்காக இருந்திருக்க வேண்டும். செந்நிறப் பின்னணியில் அந்தக் கோடுகள் பாதி மங்கிவிடுகின்றன.

உள்ளே பக்கக்கூடங்கள் இல்லாத ஒரே நீண்ட கூடம், சுவர்கள் எளியவை. இந்த எளிமை பார்வையைச் சிதறவிடாமல் பலிபீடத்துக்கு இட்டுச் செல்கிறது. அங்கே தரையிலிருந்து கூரைவரை பொன் பூசிய மரச்சிற்ப வேலை சுடர்விடுகிறது. ஆடம்பரமும் அசைவும் மிகுந்த இந்தக் கலைப்பாணியைப் பரோக் என்பர். குழந்தை இயேசுவின் சிறிய உருவத்துக்கு மேல் இஞ்ஞாசியாரின் பெரிய சிலை, வானில் ஒளிரும் இயேசுவின் பெயர்க்குறியை நோக்கியபடி நிற்கிறது.

பீடத்தின் வலப்புறச் சிற்றாலயத்தில் உள்ளது புனித பிரான்சிஸ் சவேரியாரின் கல்லறை. 1542 மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்று பரதவரிடையே பணியாற்றியவர். செபங்களைத் தமிழில் மனப்பாடமாகக் கற்றுச் சொல்லிக்கொடுத்தவர். மணப்பாடும் கோட்டாறும் இன்றும் அவர் பெயரைப் போற்றுகின்றன. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் அவர் இறந்தபோது, தசை விரைவில் கரைந்து எலும்பை எடுத்துச்செல்ல ஏதுவாகும் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பு நிரப்பினர் என்றும், சில மாதங்களுக்குப் பின் திறந்தபோது உடல் அழியாதிருந்தது என்றும் சபைக் குறிப்புகள் கூறுகின்றன. மலாக்கா வழியாக 1554இல் கோவாவை அடைந்த அவ்வுடல், 1622இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின் இவ்வாலயத்துக்கு மாற்றப்பட்டது. அவர் வாழ்வை 32 காட்சிகளில் சொல்லும் வெள்ளிப்பேழையைக் கோவாவின் தட்டார்கள் 1637இல் செய்து முடித்தனர். அதைத் தாங்கும் பளிங்குப் பீடம், டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி அனுப்ப, ஃபுளோரன்ஸ் சிற்பி ஃபொஜ்ஜினியின் கைவண்ணத்தில் உருவாகி 1698இல் இங்கு நிறுவப்பட்டது. இத்தாலியப் பளிங்கின்மேல் கோவாக் கைவினை அமர்ந்திருக்கும் இந்த இணைப்புக்கு நிகரானதை வேறெங்கும் எளிதில் காண முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை சவேரியாரின் உடல் சே பேராலயத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அண்மையில் அவ்வாறு நிகழ்ந்தது 2024 நவம்பரில்.

சவேரியார் மறைந்த 400ஆம் ஆண்டு நெருங்கியபோதுதான் காரை உரிக்கப்பட்டது. பழைய கட்டடங்களின் மேற்பூச்சை நீக்கி மூலக்கல்லைக் காட்டுவதே பழமையைப் போற்றுவது என அந்நாளைய போர்ச்சுகலில் நிலவிய கருத்தைப் பின்பற்றி, கட்டடக்கலைஞர் பல்தசார் காஸ்த்ரோ அதைச் செய்தார். போர்ச்சுகலின் கருங்கல்லுக்கு ஏற்ற அந்த முறை, நீர் குடிக்கும் செம்புறாங்கல்லுக்குப் பெருந்தீங்காயிற்று. ஆற்றங்கரை நகரான பழைய கோவாவைக் கொள்ளைநோய் காலி செய்ததையும், 1759இல் இயேசு சபை வெளியேற்றப்பட்டதையும், 1843இல் தலைநகர் அங்கிருந்து பணஜிக்குப் பெயர்ந்ததையும் தாங்கி நின்ற சுவர்கள், இப்போது ஒவ்வொரு பருவமழையிலும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன. 1986இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய கோவாவின் ஆலயங்களுள் இதுவும் ஒன்று. சிவந்த முகப்பையே ஆலயத்தின் இயல்பான முகமாகக் கண்டு பழகிய தலைமுறைகள் மீண்டும் வெள்ளையடிப்பதை ஏற்கத் தயங்குவது புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் சாலைக்கு அப்பால் அதே கல்லில், அதே மழையில் நிற்கும் சே பேராலயத்தின் சுவர்களுக்கு இன்றும் காரைதான் காப்பு.