ஒரு விநாடிக்கு 30 லட்சம் டாலர்!

அடுப்பில் சாதம் கொதிக்கிறது. நீங்கள் அரிவாள்மணையின் முன் அமர்ந்து பச்சடிக்கு வெள்ளரிக்காய் நறுக்குகிறீர்கள். உங்கள் கணவர் புது யந்திரம் ஒன்றுடன் வந்து நிற்கிறார். "இதில் பாதி நேரத்தில் நறுக்கி விடலாம். இனிமேல் சாப்பாடு சீக்கிரம்!" என்கிறார். நீங்கள் மனத்திற்குள் சிரித்துக் கொள்கிறீர்கள். சாதம் வேகாமல் இலை போட முடியுமா?

உங்களுக்குத் தெரிந்த இந்த ரகசியம், அமெரிக்காவில் ஒரு பெரிய டெலிபோன் கம்பெனிக்குப் பல லட்சம் டாலரை மிச்சப்படுத்தியது என்றால் நம்புவீர்களா?

1980-களின் கடைசி. நியூயார்க் வட்டாரத்தில் டெலிபோன் நடத்தி வந்த நைனெக்ஸ் கம்பெனிக்குப் புது மாதிரி மேஜை யந்திரங்கள் வந்தன. திரையில் எழுத்து வேகமாகத் தோன்றும். தட்ட வேண்டிய விசைகளும் குறைவு. ஆபரேட்டர்கள் ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் வருஷத்துக்கு 30 லட்சம் டாலர் லாபம்! வாங்க ஆசை வராதா?

வேய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் என்ற மூவர் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். மனிதர் வேலை செய்வதையே கணக்காக எழுதும் முறை அதற்கு முன்பே பிறந்திருந்தது. பழகிய கை ஒரு விசையைத் தட்டச் சுமார் 0.2 விநாடி, மனம் யோசித்துத் தயாராக 1.35 விநாடி என்றெல்லாம் அதில் அளவு உண்டு. இவர்களோ காது கேட்பது, வாய் பேசுவது, கண் பார்ப்பது, கை தட்டுவது எல்லாவற்றையும் தனித்தனிக் கோடாக வரைந்து, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தார்கள்.

விடை வேடிக்கையாக இருந்தது. புது யந்திரம் அழைப்புக்குச் சுமார் 0.6 விநாடி தாமதம்!

காரணம்? குறைத்த விசைகள், ஆபரேட்டர் வாடிக்கைக்காரருக்கு முகமன் சொல்லும்போதே கை தட்டி முடித்து விடுபவை. அது வெள்ளரிக்காய் நறுக்குகிற நேரம். ஆனால் அழைப்பின் கடைசியில், எல்லாரும் காத்திருக்கும் இடத்தில், ஒரு விசை கூடியிருந்தது. அது சாதம் வேகிற நேரம்!

நாலு மாத நேரடிச் சோதனையும் ஏறக்குறைய அதையே சொல்லிற்று. வாங்கியிருந்தால் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் நஷ்டம். யந்திரங்கள் வாங்கப்படவில்லை. 1993-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அதன் பெயர் 'எர்னஸ்டீன்'. நடிகை லில்லி டாம்லின் டெலிவிஷனில் நடித்துச் சிரிக்க வைத்த டெலிபோன் பெண்ணின் பெயர் அது.

இந்தக் கணக்கு மட்டும் இல்லாதிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும்? "புது யந்திரத்தில் இவர்களுக்கு வேலை செய்யத் தெரியவில்லை" என்று ஆபரேட்டர்களைத்தானே சொல்லியிருப்பார்கள்!

அடுத்த முறை வீட்டுக்குப் புதுச் சாமான் வாங்கும்போது, 'இது எவ்வளவு வேகம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'என்னைக் காக்க வைப்பது எது?' என்றும் கேட்டுப் பாருங்கள்.