கசியும் இருதய வால்வுக்குக் கிளிப்பு

போன மாதம் ஒருநாள் பிரட்டு கலைந்த நேரத்தில், ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவரை அவர் மகன் பக்கத்து வீட்டுக் காரில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு வந்தார். இரண்டு காலும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று ராத்திரியாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார்.

"தண்ணி மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?"

"அதைச் சாப்பிட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும் தம்பி. வீக்கம் வடிஞ்சதும் விட்டுட்டேன்."

மகன் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, வால்வு கசிஞ்சா ஒரு கிளிப்பு மாட்டினா போதும்னு இதுல போட்டிருக்கு. அப்பாவுக்கு மாத்திரைக்குப் பதிலா அதைச் செய்யலாமா?"

பெரியவரை அன்றே ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். மகன் கேட்டது நல்ல கேள்வி. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் இருதயத்தின் இடப் பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு வால்வு உண்டு. பெயர் மைட்ரல் வால்வு. ரெட்டைக் கதவு மாதிரி இரண்டு இதழ்கள். கீழ் அறை சுருங்கும்போது கதவு சாத்திக்கொள்ளும். ரத்தம் உடம்புக்குப் போகும். மாரடைப்பாலோ வேறு காரணத்தாலோ இருதயத் தசை தளர்ந்து அறை பெருத்துவிட்டால், கதவில் பழுது இல்லாமலே நிலை விரிந்து போகிறது. இரண்டு கதவும் நடுவில் சேராது. ரத்தம் பின்னுக்குக் கசிந்து நுரையீரலில் தேங்கும். புல்லுக்கு மருந்தடிக்கும் பம்பில் வால்வு போனால் என்ன அடித்தாலும் வேகம் வராதே, அதே கதைதான்.

கிளிப்பு என்பது இரண்டு இதழையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சிறு கவ்வி. துணி காயப்போடும் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. தொடையிடுக்கு ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். மைட்ராகிளிப் என்ற இந்தக் கருவி 2003-ல் வெனிசுலா நாட்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

மாட்டினால் கசிவு குறைவது ஸ்கேன் திரையிலேயே தெரியும். ஆனால் ஆள் கூடுதல் நாள் உயிரோடு இருப்பாரா? ஆஸ்பத்திரிக்குப் போவது குறையுமா? அதற்குத்தான் சோதனை வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'கோஆப்ட்' என்ற சோதனையில் 614 பேர் சம்மதித்துச் சேர்ந்தார்கள். குலுக்குச் சீட்டு போட்டது போல் பிரித்து, 302 பேருக்குக் கிளிப்பும் மருந்தும், 312 பேருக்கு மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஏன் குலுக்கல்? டாக்டரே ஆளைப் பொறுக்கினால், தெம்பாக இருப்பவர்களுக்கே கிளிப்பு போய்ச் சேரலாம். பிறகு ஜெயித்தது கிளிப்பா, தெம்பா என்று யாருக்குத் தெரியும்?

2018-ல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 46 பேர் இறந்தார்கள். கிளிப்பு போட்டவர்களில் 29 பேர். இருதயத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது கருவியைச் செய்யும் அபாட் கம்பெனிதான். அதையும் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

அதே 2018-ல் பிரான்சில் 304 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையும் வெளிவந்தது. அங்கே ஓராண்டுக்குள் இறந்தவர்கள் அல்லது மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கிளிப்புப் பக்கம் 100-க்கு 55, மருந்துப் பக்கம் 51. ஒரு பிரயோஜனமும் தெரியவில்லை! ஒரே கருவி, ஒரே வருஷம், இரண்டு பதில்.

நிபுணர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியம். பிரான்சு நோயாளிகளின் இருதயம் அதிகம் பெருத்திருந்தது, கசிவோ அவ்வளவு பெரிதல்ல. அதனால் வால்வைச் சரிசெய்தும் தசை மாறவில்லை. இன்னொன்று, கோஆப்ட்டில் ஒருவரைச் சேர்க்கும் முன் ஒரு நிபுணர் குழு அவருடைய மாத்திரைகளைப் பார்த்தது. தாங்கக்கூடிய முழு அளவு மருந்தை எடுத்தும் மூச்சுத் திணறலும் கடுமையான கசிவும் தீராதவர்களைத்தான் சேர்த்தது. நம் மண்டோர் போல மாத்திரையை நிறுத்தியவருக்கு அங்கே இடமே கிடைத்திருக்காது. மருந்து ஒழுங்காகப் போனாலே சிலருக்குப் பெருத்த அறை சுருங்கி, கசிவும் குறைந்துவிடுகிறது.

2019-ல் அமெரிக்க அரசு இப்படித் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் கிளிப்பை அனுமதித்தது. 2024-ல் 9 நாடுகளில் 505 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது. ஆனாலும் கோஆப்ட்டின் ஐந்தாண்டுக் கணக்கைப் பாருங்கள்: கிளிப்பு போட்டும் 100-க்கு 57 பேர் இறந்திருந்தார்கள், மருந்துப் பக்கம் 67 பேர். கிளிப்பு கசிவை அடைக்கிறது, தளர்ந்த தசையைப் புதிதாக்குவதில்லை. போட்டவர்களும் மாத்திரையை நிறுத்தவில்லை.

மண்டோர் பத்து நாளில் வீடு திரும்பினார். எக்கோ ஸ்கேனில் கசிவு இருக்கிறதாம். மூன்று மாதம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு மறுபடி பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள். வெளியூர் போகிற நாளில் தண்ணி மாத்திரையை விடவேண்டாம், திரும்பி வந்து சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டாராம், சரி என்றாராம். கருவாட்டையும் பாக்கெட் மீயையும் அவர் மனைவி நிறுத்திவிட்டார்; அதில் அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். காலையில் ஒண்ணுக்குப் போய்விட்டு, பசியாறும் முன் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் என்னிடம் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று வரை 61 கிலோ.