ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றனுள் முதலிடம் பெறுவது உணவே. ஆயினும், உண்பதைப் பற்றிப் பேசும் அளவிற்கு, அதனை ஆக்குவதற்கு ஆகும் உழைப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை. இட்லியும் தோசையும் நம் காலையுணவாக நிலைபெற்றுவிட்டன. அவற்றிற்கான மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டுவதா, மின்விசையால் இயங்கும் கிரைண்டரில் அரைப்பதா, கடையில் வாங்குவதா? கிரைண்டர் ஒவ்வொரு வீட்டிற்கும் தேவையான பொருள்தானா? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உழைப்பும் பாட்டும்

உரலில் தானியம் குற்றும்போது மகளிர் பாடும் பாட்டினை வள்ளைப்பாட்டு என்பர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் அது இடம்பெற்றுள்ளது. அப்பாட்டின் இனிமையைப் போற்றும் நாம், களைப்பை மறக்கவும் அது துணைநின்றது என்பதை எண்ணுவதில்லை. ஆட்டுக்கல் உடலுக்கு நல்ல பயிற்சி என்று மேடைகளில் பேசுவோர் உளர். அவர்களுள் குழவி பிடித்தவர் எத்தனை பேர் என்பது ஐயத்திற்குரியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள், திருகை சுற்றிக் கைகள் காய்த்துப்போனமையால், பணியாள் ஒருவர் வேண்டுமெனக் கேட்கச் சென்ற செய்தியை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பணியாளைவிடச் சிறந்ததெனத் தஸ்பீஹை நாயகம் அவர்கள் கற்பித்தார்கள் என்பதை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். காய்ப்பேறிய அக்கைகளை எண்ணிப் பார்ப்பதோ அரிது.

கல் செய்யும் வேலை

1950களில் கோயம்புத்தூரில் உருப்பெற்ற தொழில் இது. ஆட்டுக்கல்லில் கல் அசையாதிருக்கும். குழவியைக் கை சுழற்றும். கிரைண்டரிலோ பாத்திரம் சுழலும். அதனுள் இருக்கும் கற்கள் தம் நிலையிலேயே உருண்டு அரைக்கும். கோயம்புத்தூர் கிரைண்டருக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மிக்சி இருக்கும்போது கிரைண்டர் எதற்கு என்று கேட்கலாம். மிக்சியின் அலகுகள் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று வெட்டுவன. அவ்வேகத்தில் மாவு சூடேறும். கற்களோ மெல்ல நசுக்கி அரைப்பதால் சூடு குறைவு. உளுந்து மாவு நுரைத்துப் பொங்கும். பின்னர் நுண்ணுயிரிகள் மாவைப் புளிக்கச் செய்யும்போது உண்டாகும் காற்றினை அம்மாவு தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். இட்லி மென்மையாவது அதனாலேயே. குளிர்ந்த நீர் ஊற்றிச் சிறிது சிறிதாக அரைத்தால் மிக்சியிலும் ஓரளவு நல்ல மாவு கிடைக்கும். எனினும், பெரிய குடும்பத்திற்கு அது போதாது.

செலவுக் கணக்கு

மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர்க் கிரைண்டர்கள் பல 150 வாட் திறனுடையவை. அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி மின்சாரம் செலவாகும். அதாவது, ஒரு யூனிட்டில் 13 முறை அரைக்கலாம். கிரைண்டரின் விலை 5,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். வாரத்திற்கு இருமுறை வீதம் பத்தாண்டுகள் உழைத்தால் 1,040 முறை அரைக்கலாம். ஒருமுறைக்கு ஐந்து ரூபாயும் ஆகாது. மாதத்திற்கு ஒருமுறை மட்டும் அரைக்கும் வீட்டிலோ, அதே பொருள் ஒருமுறைக்கு 40 ரூபாய்க்கு மேல் விழுங்கிவிடும். பொருள் ஒன்றுதான், முன்னது சிக்கனம், பின்னது வீண்விரயம்.

இருவர் மட்டும் வாழும் இல்லத்திற்கும், விடுதி அறையில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும் கடை மாவே போதும். அதனை இழிவாக எண்ண வேண்டியதில்லை. வயநாட்டைச் சேர்ந்த பி. சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் 2005இல் பெங்களூரில் சிறிய அளவில் தொடங்கிய மாவுத் தொழில், ஐடி ஃபிரெஷ் என்னும் பெயரில் இன்று பெருநிறுவனமாக வளர்ந்துள்ளது. ஆனால், நாள்தோறும் ஐந்தாறு பேர் உண்ணும் வீட்டில் கடை மாவை நம்புவது கட்டுப்படியாகாது. தூய்மையும் பதமும் நம் கையில் இருப்பதும் வீட்டு மாவின் சிறப்பாகும்.

யார் கொடுப்பது? யார் கழுவுவது?

மகளிரின் சுமையைக் குறைக்கும் பொருள் இது என்பதை உணர்ந்தே, 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம் சமுதாயத்திலோ, இன்றும் பல வீடுகளில் கிரைண்டர் சீர்வரிசைப் பட்டியலில் ஒன்றாகப் பெண்வீட்டார் தலையில் ஏறுகிறது. மஹர் கொடுத்து மணம் முடிக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், தாம் உண்ணப்போகும் இட்லிக்கு மாவரைக்கும் பொறியையும் மாமனாரிடம் எதிர்பார்ப்பது முறையா? உண்பவர் வீட்டார் வாங்குவதே நேர்மை.

மேலும், கிரைண்டர் அரைக்குமேயன்றி அரிசி களையாது, உளுந்து ஊறவைக்காது, மாவை வழித்தெடுக்காது, தன்னைத்தான் கழுவிக்கொள்ளவும் செய்யாது. கனத்த கற்களைத் தூக்கிக் கழுவும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே நின்றுவிடுகிறது. பொறி வந்துவிட்டது என்பதற்காக, முன்பு வாரம் இருமுறை தோசை கேட்டவர் நாள்தோறும் கேட்பாராயின், சுமை குறைந்ததாகாது; வடிவம் மாறியதாகவே கொள்ள வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்து வேலைகளில் துணைநின்றார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அவ்வழி நடப்போர்க்குக் கிரைண்டர் கழுவுவது இழுக்காகாது.

முடிவாக, வாரம் இருமுறையேனும் அரைக்கும் குடும்பத்திற்குக் கிரைண்டர் ஆடம்பரமன்று, தேவையே. அரிதாக அரைப்போர்க்கு அது இடத்தை அடைக்கும் கல். எந்த வீடு எவ்வகையது என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. நாள்தோறும் அடுப்படியில் நிற்பவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் அவரைக் கேட்போம்; வாங்கிய பின் அவரோடு சேர்ந்து கழுவுவோம்.