வருவாய் கேட்காத கணிதம்: கொல்கத்தா நிறுவனமும் புதிய மசோதாவும்

புதுதில்லி: நேரு காலத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சிறிய சட்டத்துக்கு மாற்றாக, மத்தியப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் 2025 செப்டம்பரில் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடர்பானது அது. தலைநகரின் அரசியல் வட்டாரங்களில் பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை. ஆனால், பாராநகர் வளாகத்தில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக இருந்த பேராசிரியர்களையும் மாணவர்களையும் அது போராட்டத்தில் இறக்கியது.

ஐ.எஸ்.ஐ. என்று சுருக்கிச் சொன்னால், நம்மவர்களுக்கு மின்விசிறியின் தர முத்திரையோ, அண்டை நாட்டு உளவு அமைப்போதான் நினைவுக்கு வரும். கணித உலகிலோ அந்த மூன்றெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையில் தமிழகத்தின் பங்கு கணிசமானது.

நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய பி.சி. மகாலனோபிஸ், மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கல்கத்தா பல்கலைக்கழகம் 1920-இல் வெளியிட்டபோது அதற்கு வரலாற்று முன்னுரை எழுதியவர் அவரே. அங்கு பணியாற்றிய சி.ஆர். ராவ், 1945-இல் வெளியிட்ட ஒரே கட்டுரையில் புள்ளியியலின் அடிப்படை முடிவுகள் சிலவற்றை நிறுவினார். அளவீட்டின் துல்லியத்துக்கு அவர் கண்ட எல்லை, பின்னாளில் குவாண்டம் இயற்பியலுக்கும் சென்று சேர்ந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற எஸ்.ஆர்.எஸ். வரதன் 1959-இல் அங்கு சென்றார். பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவரின் மகன். ஆலைகளில் உற்பத்தித் தரத்தைக் கட்டுப்படுத்தும் புள்ளியியலைக் கற்க வேண்டும் என்பதே அவரது எண்ணம், வேலைவாய்ப்புள்ள துறை. அங்கு ஆய்வு மாணவர்களாக இருந்த கே.ஆர். பார்த்தசாரதி, வி.எஸ். வரதராஜன், ரங்கா ராவ் ஆகியோரின் சேர்க்கை அவரைத் தூய கணிதத்தின் பக்கம் திருப்பியது. யாரும் தடுக்கவில்லை. அவரது ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர், நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ரஷியக் கணித மேதை கொல்மகோரவ்.

ஒரு நாணயத்தை 1,000 முறை சுண்டினால் ஏறத்தாழ 500 முறை தலை விழும். 900 முறை விழுந்தால்? இத்தகைய அரிய நிகழ்வுகளுக்கான வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதைக் கணக்கிடும் பொதுக் கோட்பாட்டை வரதன் பின்னர் நியூயார்க்கில் உருவாக்கினார். 2007-ஆம் ஆண்டின் ஏபெல் பரிசு அதற்காகவே கிடைத்தது. திண்மப் பொருளுக்குள் நகரும் எலக்ட்ரானைப் பற்றிய இயற்பியல் புதிர் ஒன்றுக்கு டான்ஸ்கருடன் சேர்ந்து 1983-இல் அவர் கண்ட தீர்வும் அதன் வழிவந்ததுதான். சென்னையில் பிறந்த பார்த்தசாரதி, ஹட்சனுடன் இணைந்து 1984-இல் குவாண்டம் இயற்பியலுக்கும் நிகழ்தகவுக்கும் இடையே புதிய கணிதத்தை அமைத்தார். 2023-இல் அவர் மறைந்தபோது இங்குள்ள நாளிதழ்கள் இன்னும் சற்று இடம் ஒதுக்கியிருக்கலாம்.

வரதன் கொல்கத்தா சென்ற அதே 1959-இன் டிசம்பரில்தான் நிறுவனத்துக்கான சட்டம் நிறைவேறியது. மசோதாவை அவையில் முன்னின்று நடத்தியவர் பிரதமர் நேரு. 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்' என்ற தகுதியையும் பட்டம் வழங்கும் உரிமையையும் தந்த அச்சட்டம், 1932-இல் பதிவு பெற்ற சங்கத்தைக் கலைக்கவில்லை. பணம் அரசுடையது, அன்றாட அதிகாரம் சங்கத்துடையது.

புதிய வரைவு இந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்து, நிறுவனத்தை நிர்வாக வாரியத்தின் கீழ் இயங்கும் சட்டபூர்வ அமைப்பாக மாற்ற முனைகிறது. மஷேல்கர் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2020-இல் அளித்த பரிந்துரைகளை அமைச்சகம் சான்றாகக் காட்டுகிறது. 2031-இல் வரவிருக்கும் நூற்றாண்டுக்குள் உலகத் தரத்தை எட்ட நிர்வாகச் சீர்திருத்தம் தேவை என்பது அதன் வாதம். இதைப் புறந்தள்ளிவிட முடியாது. ராவ், வரதன், வரதராஜன் மூவருமே இறுதியில் அமெரிக்காவில் தங்கிவிட்டனர் என்பதும் மறக்கக்கூடியதல்ல.

வாரியத்தில் அரசு நியமனங்களே மேலோங்கும், கல்விக் குழு வெறும் ஆலோசனை அமைப்பாகச் சுருங்கும் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். அதைவிடக் கவலை தருவது, கட்டணம், ஆலோசனைப் பணி போன்றவற்றின் மூலம் வருவாய் ஈட்டுவது பற்றிய பிரிவு. இந்நிறுவனத்தில் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் பெறும் வழக்கம் இருந்ததில்லை. மாறாக, உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. சென்னை தரமணியில் உள்ள மையத்தில் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பணம் தரும் வேலையை மகாலனோபிஸ் ஒருபோதும் வெறுத்தவரல்லர். வங்கத்துச் சணல் விளைச்சல் கணக்கெடுப்பும், 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவர் கைவண்ணமே. ஆனால், எந்த மாணவர் சணலை எண்ணுவது, எவர் கொல்மகோரவைப் படிப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்தது. வருவாய் இலக்கு வந்தபின் அம்முடிவு யார் கைக்குப் போகும் என்பதை வரைவின் பிரிவுகள் தெளிவாக்கவில்லை. தரக்கட்டுப்பாட்டுக்கு ஆலைகள் பணம் தரும். நாணயம் 900 முறை தலையாக விழுவது பற்றிய ஆய்வுக்கு யாரும் தரமாட்டார்கள்.