வரைபடத்தில் நம் தெரு இருக்கிறதா?

ஒருநாள் காலையில் ஏரிக்கரையோரம் பெயின்ட் அடித்த கல் ஒன்று நடப்பட்டிருக்கும். கேட்டால், ‘சர்வே’ என்பார்கள். சில மாதங்கள் கழித்து வருவாய்த் துறையினர் வந்து, ‘இது புறம்போக்கு, காலி செய்யுங்கள்’ என்பார்கள். மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கும் குடும்பம் அப்போதுதான் மனு எழுத ஆள் தேடும். ஆனால், அந்த வழியாகச் சாலை போகும் என்ற முடிவு, கல் நடுவதற்கு வெகுகாலம் முன்பே காகிதத்தில் எடுக்கப்பட்டிருக்கும். அந்தக் காகிதத்துக்கு முழுமைத் திட்டம் என்று பெயர். அலுவலகங்களில் ‘மாஸ்டர் பிளான்’ என்பார்கள்.

இது பட்டணத்துக்காரர்கள் விவகாரம் என்று கிராமத்தில் இருக்கும் நாம் இனி ஒதுங்கி நிற்க முடியாது. 1,189 சதுர கி.மீ. பரப்பில் இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022 அக்டோபரில் 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும், ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் பக்கத்திலும் உள்ள ஏராளமான கிராமங்கள் ஒரே அரசாணையில் ‘பெருநகர’த்துக்குள் வந்துவிட்டன. ஏர் ஓட்டும் நிலமும், நாற்று நடும் கூலியாட்களின் குடியிருப்பும் இனி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., வரையும் வரைபடத்துக்குள் அடங்கும். 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் இந்த எல்லையை ஒட்டித்தான் தயாராகிறது.

நிறம் சொல்லும் சேதி

முழுமைத் திட்டம் என்பது ஒரு பெரிய வரைபடமும், அதற்கான விதிப் புத்தகமும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் கீழ் அது தயாரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுக்கப்படும். பொதுவாகக் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, அரசு மற்றும் கல்வி நிறுவனங்களுக்குச் சிவப்பு, திறந்தவெளிக்குப் பச்சை. சென்னையின் இரண்டாவது திட்டத்தில் குடியிருப்பிலேயே முதன்மை, கலப்பு என இரு வகை உண்டு. அபாயகரமான தொழிலுக்குத் தனி வகை, விவசாயத்துக்குத் தனி வகை, ‘நகர்ப்புறம் அல்லாதது’ என்று ஒரு வகை, ‘நகராகக்கூடியது’ என்று இன்னொரு வகை.

அந்த நிறத்தை வைத்துத்தான் நிலத்தின் விலை ஏறும், இறங்கும். எங்கே மனைப்பிரிவு போடலாம், எங்கே ஆலை கட்டலாம், எந்தப் பாதை 60 அடிச் சாலையாகும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எங்கே வரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒருமுறை தீட்டிய நிறம் எளிதில் மாறாது. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2008இல். இடையில் 33 ஆண்டுகள். ஒரு பிள்ளை பிறந்து, படித்து, கல்யாணமாகி, அதன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலம் அது.

பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள் இடையிலேயே நிறத்தை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. நில வகைப்பாடு மாற்றம் என்று அதற்குப் பெயர். விவசாய வகையில் உள்ள சர்வே எண்ணைக் குடியிருப்பு வகைக்கோ தொழில் வகைக்கோ மாற்றக் கோரி மனு போடலாம். அதற்கு ஆட்சேபம் கேட்டு நாளிதழில் சிறிய விளம்பரம் வரும். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் மட்டுமே இருக்கும் அந்த விளம்பரத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

காகிதத்தில் இல்லாதவர்கள்

வரைபடம் வரைபவர் வருவாய்த் துறையின் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறார். பட்டா உள்ள நிலம் அதில் தெளிவாக இருக்கும். சிக்கல் சேரியில்தான் தொடங்குகிறது.

பழைய நத்தத்தில் பத்து வீடுகள் இருந்த இடத்தில் இன்று ஐம்பது வீடுகள். நத்தத்தில் இடம் போதாமல் மக்கள் வண்டிப்பாதை ஓரத்திலும், மேய்க்கால் புறம்போக்கிலும், வாய்க்கால் கரையிலும் வீடு கட்டிக்கொண்டார்கள். மின் இணைப்பு இருக்கும், குடும்ப அட்டை இருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும். ‘அ’ பதிவேட்டில் மட்டும் அந்த இடம் ‘மேய்க்கால்’ என்றோ ‘வாய்க்கால்’ என்றோதான் இருக்கும். அங்கே வீடு இருப்பது வரைபடத்துக்குத் தெரியாது. காலி நிலம் என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் கோடு போடுவது எளிது.

சுடுகாட்டுப் பாதையும் அப்படித்தான். ஊருக்கு ஒரு மயானமும் சேரிக்கு ஒரு மயானமும் இருக்கும் கிராமங்களில், சேரி மயானத்துக்குப் போகும் வரப்புப் பாதை பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. நடுவில் மனைப்பிரிவு வந்து சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு, பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பாதை கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். இழிவாகப் புழங்கிய ஒரு பெயர் போவது நல்லதே. ஆனால், பெயர்ப்பலகை மாறுவதோடு அந்தத் தெரு முழுவதும் சர்வே எண்ணோடும் பட்டாவோடும் ஆவணத்தில் ஏறினால்தான் அந்த மாற்றம் முழுமையாகும்.

சென்னை கற்றுத்தரும் பாடம்

ஆவணத்தில் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைச் சென்னையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1971இல் வந்த குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி, அரசு ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று முறைப்படி அறிவித்துவிட்டால் அங்குள்ள மக்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அடிப்படை வசதிகளும் செய்து தர வேண்டும். அந்த ஆண்டிலேயே சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன்பிறகு அந்த அறிவிப்பு ஏறக்குறைய நின்றேபோனது.

பட்டியலில் இடம்பெறாத கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரக் குடியிருப்புகள் எல்லாம் ‘ஆக்கிரமிப்பு’ ஆயின. ரயில் பாதை, மேம்பாலம், ஆற்றுச் சீரமைப்பு என ஒவ்வொரு திட்டம் வரும்போதும் அந்த மக்கள் நகரத்தின் தெற்கு விளிம்புக்கு அனுப்பப்பட்டார்கள். 2000இல் கண்ணகி நகர் உருவானது. பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் தலித் மக்கள் பெருமளவில் இருக்கிறார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, துப்புரவுப் பணி என்று நகரத்துக்குள் பிழைத்தவர்கள் திடீரென்று அந்த வேலையிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி வைக்கப்பட்டார்கள். பலருக்கு வேலை போனது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி என்பதால் 2015 வெள்ளத்தின்போது அங்கும் தண்ணீர் சூழ்ந்தது.

பள்ளிக்கரணைக்கும் ஒரு கதை உண்டு. மழைநீரைத் தாங்கும் அந்தக் கழுவெளி நெடுங்காலம் ஆவணங்களில் பயனற்ற நிலமாகவே கருதப்பட்டது. அதனால் நகரத்தின் குப்பை அதன் ஒரு பகுதியில் கொட்டப்பட்டு, பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. அதே சதுப்பு நிலம்தான் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் ஓர் இடத்துக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பது அதன் தலைவிதியையே தீர்மானித்துவிடுகிறது. மனிதர்கள் வாழும் இடத்துக்கும் இது பொருந்தும்.

பஞ்சமி நிலமும் புறவழிச் சாலையும்

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், தலித் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. ஊரில் இதை ‘டி.சி. நிலம்’ என்பார்கள்.

அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

இன்று அதே மாவட்டங்களின் ஊடாக, எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகேயுள்ள பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலை போடப்படுகிறது. இப்படி ஒரு பெருஞ்சாலை வரும் இடத்தில் நிலத்தின் விலை பல மடங்கு ஏறும். டி.சி. நிபந்தனையை மறைத்துப் பதிவு செய்யப்பட்ட ஒரு சர்வே எண், குடியிருப்பு வகைக்கு மாற்றப்பட்டு மனைகளாகப் பிரிந்து நூறு பேருக்கு விற்கப்பட்டுவிட்டால், அதை மீட்பது மலையைப் பெயர்ப்பது போலாகிவிடும். நிறம் மாறுவதற்கு முன்னால் ஆட்சேபம் சொல்வது அதைவிட எத்தனையோ எளிது.

இழப்பீட்டிலும் இந்த வேறுபாடு தெரியும். 2013இன் நிலமெடுப்புச் சட்டம், நில உரிமையாளரை மட்டுமல்லாமல், அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைக்கும் குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. அவர்களை அடையாளம் காண உதவும் படிகளில் முக்கியமானது சமூகத் தாக்க மதிப்பீடு. ஆனால், நெடுஞ்சாலைக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் மாநிலச் சட்டங்களின் கீழ் நிலம் எடுக்கும்போது, அந்த மதிப்பீடு தேவையில்லாதபடி தமிழ்நாட்டில் விலக்கு இருக்கிறது. ஆகவே, நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் தங்கள் இருப்பைத் தாங்களே எழுத்தில் நிறுவ வேண்டியிருக்கிறது.

இரண்டு மாத வாசல்

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவு நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வரைவு முழுமைத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். நிலம் உள்ளவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும், கூலி வேலை செய்பவரும், கல்லூரி மாணவரும் எழுதலாம்.

அந்த இரண்டு மாதம் வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? அதற்கான வேலையை இப்போதே தொடங்கலாம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். அடுத்து, நம் தெருவின் ஒவ்வொரு வீடும் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். மயானம், அதற்குப் போகும் பாதை, குடிநீர்க் கிணறு, கோயில் திடல், பிள்ளைகள் விளையாடும் மந்தைவெளி ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். டி.சி. நிலம் இருந்தால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வாங்கி வைக்க வேண்டும்.

நத்தத்தில் இருப்பவர்கள் கூடுதல் தைரியத்தோடு பேசலாம். கிராம நத்தம் குடியிருப்பவர்களுக்கு உரியது, அரசுக்குச் சொந்தமான நிலம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. புறம்போக்கில் இருப்பவர்கள் வீட்டுமனைப் பட்டா கேட்ட மனு, அதற்கான ஒப்புகைச் சீட்டு, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது எதையும் தூக்கிப்போடாமல் வைத்திருக்க வேண்டும்.

தயாரித்த பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தின் நகலோடு சென்னை எழும்பூரில் உள்ள சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பெருநகர எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு, மாவட்டத்தில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகம்தான் பொறுப்பு.

இந்த வேலைக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வரைபடம் படிக்கத் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவியும், எந்த வீடு எப்போது கட்டப்பட்டது, எந்தப் பாதையில் யாரெல்லாம் நடந்தார்கள் என்று சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியும் போதும். ஒரு வாரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் தெருவின் கணக்கு முழுதாக ஒரு நோட்டில் வந்துவிடும்.

சேரியை ஊருக்கு வெளியே வைத்தது சாதி. வரைபடத்துக்கும் வெளியே அது போய்விடாமல் பார்த்துக்கொள்ள, கல் நடுவதற்கு முன்னால் அந்த நோட்டு தயாராக வேண்டும்.