ஒட்டுக் கருவிழியும் ஒரு வடிகாலும்

ராஜபாளையம் நீர்காத்த அய்யனார் கோவில் ஆற்றில் குளித்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும். மலைத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். போகிற வழியை மரமும் மண்ணும் அடைத்தால் மட்டம் ஏறும். கண்ணுக்குள்ளும் அதே கதை! கருவிழிக்குப் பின்னால் ஒரு நீர் ஊறி, ஓரத்து மூலையில் வடிகிறது. அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் நிம்மதி.

இப்போது சத்தமில்லாமல், கருவிழி மாற்று அறுவை நடக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்க. அதோ சின்னக் குப்பியில் தானக் கருவிழி! இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தது. மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் திரவத்தில் 14 நாள் வரை தாங்கும்.

வெட்டுவதைக் கவனியுங்கள். நோயாளியின் கண்ணில் எடுத்தது 7.5 மி.மீ. என்றால், புதியதை 8 மி.மீ. வெட்டுகிறார்கள். அரை மில்லிமீட்டர் எதற்கு? அளவெடுத்தாற்போல் வெட்டித் தைத்தால் ஓரம் இழுபட்டு, அந்த வடிகால் மூலை நசுங்கிவிடும். அதற்குத்தான் இந்த முன்யோசனை. பிறகு தலைமுடியைவிட மெல்லிய நைலானில் பதினாறு தையல். பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் அழுத்தம் ஏறுவதுண்டு. அறுவையின்போது விட்ட ஜெல் உள்ளே தங்கினால் முதல் ராத்திரியே எகிறும். புண் வந்து கருவிழியோடு உள்திசு ஒட்டிப்போன கண்களில் இந்தத் தொல்லை அதிகம். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட கண்களுக்கா பஞ்சம்? 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மூன்றே மாதத்தில் ஆராய்ந்த 434 கருவிழிப் புண்காரர்களில் பாதிக்கு மேல் விவசாய வேலை செய்பவர்கள்.

பெரிய குறும்புக்காரன் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. ஒட்டிய கருவிழியை உடம்பு தள்ளிவிடாமல் காப்பதும் அதுதான், சிலருக்கு அழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான்! நிறுத்தவும் முடியாது, தொடர்ந்து போடவும் முடியாது. வலியே இல்லாமல் ஏறும் அழுத்தம் நரம்பையும் அரிக்கும், திரும்ப முளைக்காத கருவிழி உள்செல்களையும் தின்னும். அளந்து பிடிக்கலாம் என்றால், மேடுபள்ளமான தையல் பரப்பு வழக்கமான கருவியை ஏமாற்றிவிடும். அதனால் பேனா மாதிரி இருக்கும் டோனோபென்னைத் தேடுகிறார்கள்.

சொட்டு மருந்துக்கு மசியாவிட்டால் புது வடிகால்தான். ஆரோலேப் 2013இல் கொண்டுவந்த ‘ஆடி’ அப்படி ஒன்று: 350 சதுர மி.மீ. சிலிகோன் தகடு, அதோடு ஒரு குழாய். வைத்த அன்றே திறந்துவிட்டால் கண் வற்றிப்போகும் என்று குழாயை நூலால் கட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் தானே கரையும். அப்புறம்தான் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும்.